டிரஸ்ட் அம்மா வாய் வைத்த டம்ளர்

என் சமையல் அலமாரியில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. வாய் ஓரத்தில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். என் மகள் நடை பழகிய வயதில் அம்மிக்கல்லில் போட்டுத் தட்டித் தட்டி மகிழ்ந்த அடையாளம் அது. மருமகள் அதைப் பழைய பாத்திரத்தோடு சேர்த்துப் போட்டுவிடப் பலமுறை பார்த்துவிட்டாள். அதில் தண்ணீர் ஊற்றினால்தான் எனக்கு மாத்திரை இறங்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் மாத்திரையே போடுவதில்லை என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. மத்தியான வெயில் ஜன்னல் வழியே அந்த டம்ளரில் விழுந்தால் எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளை வட்டம் ஆடும், தண்ணீருக்கு அடியில் கிடந்து மேலே பார்ப்பது போல. அதைப் பார்த்துக்கொண்டே கண் சொக்கிப் போனால், பருத்திக் காட்டின் நடுவே ஒரு கறுப்புக் குடை என்னை நோக்கி நடந்து வரும்.

அந்தக் குடைக்கு அடியில் வந்தவரை நாங்கள் டிரஸ்ட் அம்மா என்றுதான் கூப்பிட்டோம். எழுபதுகளின் கடைசி அது. பெரம்பலூர் டவுனில் ஜவுளிக்கடைக்காரர், அரிசி ஆலைக்காரர், டாக்டர் என்று சிலர் ஒன்று சேர்ந்து ஓர் அறக்கட்டளை வைத்திருந்தார்கள். சுற்றுப்பட்ட ஊர்களில் இருக்கும் மாதர் சங்கம், இளைஞர் மன்றம் மாதிரியான சங்கங்கள் மனுப் போட்டால், நேரில் வந்து பார்த்து உதவி செய்வார்கள். அப்படிப் பார்க்க வருகிறவர்தான் டிரஸ்ட் அம்மா. உடையார்பாளையத்துப் பக்கம் முந்திரிக்காட்டு ஊரில் பிறந்தவர், பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வேப்பந்தட்டையிலிருந்து மலைப் பக்கம் போகிற வழியில் இருந்தது. மேலத்தெருவில் நிலம் வைத்திருப்பவர்கள். கீழத்தெருவில் அந்த நிலத்தில் வேலை செய்யும் நாங்கள். எங்கள் தெரு மாதர் சங்கத்துக்குத் தலைவி என் பெரிய நாத்தனார். அவள் வாயைத் திறந்தால் ஆலைச் சங்கு ஊதினது போல இருக்கும், மூடினால் அதைவிடப் பயமாக இருக்கும். நாங்கள் ஒரு பால்வாடி கேட்டு மனுப் போட்டிருந்தோம். மேலத்தெரு இளைஞர் மன்றத்துப் பையன்கள் வாலிபால் பந்தும் வலையும் கேட்டு மனுப் போட்டிருந்தார்கள்.

பால்வாடி வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டதற்கும் நான் கேட்டதற்கும் வித்தியாசம் உண்டு. கடலைக் கொல்லையில் களை எடுக்கப் போகும்போது என் மகளை வேப்பமரத்துத் தூளியில் போட்டுவிட்டுப் போவேன். நடக்கத் தொடங்கியதும் தூளி ஆகவில்லை. பழைய புடவையைக் கிழித்து அவள் இடுப்பில் ஒரு நுனியும் மரத்தில் ஒரு நுனியுமாகக் கட்டினேன். கன்றுக்குட்டிக்கும் அவளுக்கும் அப்போது ஒரே மரியாதைதான். ஒருநாள் நிமிர்ந்து பார்க்கிறேன், மரத்தில் துணி மட்டும் ஆடுகிறது. கொல்லைக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. அந்த விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, உள்ளே தெரிந்த வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் சறுக்குவாள். மண்ணில் வயிறு தேய ஊர்ந்து போய் அவள் பின்சட்டையைப் பிடித்தேன். அதற்குப் பிறகு கை களை எடுத்தாலும் கண் கிணற்றிலேயே இருக்கும். கடலைச் செடியையும் சேர்த்துப் பிடுங்கி வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

டிரஸ்ட் அம்மா வந்த அன்றைக்குக் காற்றே இல்லை. வெடித்த பருத்தி காடு முழுக்க வெள்ளையாக நின்றது. வெயிலில் தரை நெளிந்து, அவர் கால் இரண்டும் கண்ணுக்குத் தெரியாமல், குடையும் வெள்ளைப் புடவையும் மட்டும் பருத்திக்கு மேலே மிதந்து வந்தன. வருகிறார், வருகிறார், ஆனால் வந்து சேரவில்லை. காத்திருந்த எங்களுக்குத் தூக்கமே வந்துவிட்டது. இன்றைக்கும் கனவில் அந்தக் குடை பாதி வழியில்தான் நிற்கும்.

நாத்தனார் காலையிலிருந்தே கல்யாண வீடு மாதிரி ஓடிக்கொண்டிருந்தாள். ரேஷன் கடையிலிருந்து நாற்காலி இரவல் வாங்கியாயிற்று. காப்பி, முறுக்கு, யாரோ வெட்டிக் கொண்டுவந்த நுங்கு எல்லாம் தயார். டிரஸ்ட் அம்மா வந்தார், பால்வாடிக்கென்று நாங்கள் போட்டிருந்த கொட்டகையைப் பார்த்தார், பிள்ளைகளின் நகத்தைக்கூடப் பார்த்தார். காப்பியை நீட்டினோம். "வேணாம்மா" என்றார். நுங்கு. "வேணாம்மா." சரி, தண்ணீராவது. "எதுவும் வேணாம்மா, வேலையைப் பாப்போம்." வேர்வை அவர் காதோரம் வழிந்து கழுத்தில் இறங்கியது. உதடு காய்ந்து வெளுத்திருந்தது. அந்த வெயிலில் ஒருத்தர் தண்ணீர் வேண்டாம் என்றால் அதற்கு எங்கள் தெருவில் ஒரே அர்த்தம்தான். கூடியிருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார்கள். அவ்வளவு நேரம் இருந்த கலகலப்பு, அடுப்பில் தண்ணீர் தெளித்த மாதிரி அவிந்துபோனது.

நாத்தனார் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"நம்ம கை தண்ணி ஆகாதாம். அவ கையால நமக்கு பால்வாடி ஒண்ணும் வேணாம்டி. மனுவைத் திருப்பி வாங்கிடப் போறேன்."

"அண்ணி, எம்புள்ளைய மறுபடி மரத்துல கட்டவா?"

"கட்டு. மானம் போறதுக்கு மரம் தேவல."

"மானத்தை நீங்க பாத்துக்குங்க, புள்ளைய நான் பாத்துக்கறேன். கொஞ்சம் பொறுங்கண்ணி."

அவள் பொறுக்கிற ஆளா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரஸ்ட் அம்மா முன்னால் போய் நின்று, "அம்மா, உங்ககிட்ட ஒரு சேதி சொல்லணும்" என்று தொடங்கிவிட்டாள். அவள் முடித்துவிட்டால் என் மகள் மரத்துக்குப் போய்விடுவாள். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. பானையில் கையை விட்டு, இந்த நசுங்கின டம்ளரில் தண்ணீரை மொண்டு இருவருக்கும் நடுவில் நீட்டினேன். வாய்த் தைரியத்துக்குக் குறைச்சலில்லை. அது எனக்குப் பிறவியிலேயே வந்தது.

"கொட்டகையைப் பாத்தீங்க, நகத்தைப் பாத்தீங்க. புள்ளைங்க குடிக்கப் போற தண்ணியைப் பாக்காமப் போனா டவுனுல என்னன்னு எழுதுவீங்க?"

டிரஸ்ட் அம்மா என்னைப் பார்த்தார். குடையை மடக்கினார். உதட்டு ஓரம் கொஞ்சம் அசைந்தது. "இது உபசாரம் இல்லியே?" என்று கேட்டார்.

"உபசாரம்னா நல்ல டம்ளர்ல குடுத்திருப்பேனுங்க. இது சோதனை."

வாங்கிக்கொண்டார். எங்கள் தெரு மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டது. வாங்கியது பெரிதில்லை. எப்படிக் குடிப்பார் என்பதுதான். தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் மேலிருந்து ஊற்றிக்கொண்டால் நாத்தனார் சொல்ல வந்ததை நானே சேர்ந்து சொல்ல வேண்டியிருக்கும். டம்ளர் மேலே போனது. அந்த ஒரு நொடிதான் என் வாழ்க்கையில் நீளமானது, பருத்திப் பஞ்சு ஒன்று பறந்து வந்து என் முழங்கையில் உட்கார்ந்து மறுபடி கிளம்பிப் போகும் அளவுக்கு அதில் நேரம் இருந்தது. அவர் நசுங்கின பக்கத்தைத் திருப்பிவிட்டு, மறுபக்கத்தில் வாயை வைத்தார். சோதனைக்கு ஒரு வாய் போதும். அவர் முழுவதையும் குடித்தார். அடியில் இருந்ததையும் விடவில்லை.

"உப்பு" என்றார்.

"பழகிடுச்சுங்க."

"உனக்குப் பழகிடுச்சு. புள்ளைங்க இனிமேத்தானே பழகணும். நல்ல தண்ணி எங்க இருக்கு?"

நான்தான் சொன்னேன், "மேலத்தெருக் கெணத்துல இருக்குங்க. எங்க கொடத்துக்கு எட்டாது."

"ஏன், கயிறு பத்தாதா?"

"கயிறு பத்தும்ங்க."

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, மேலத்தெருப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடையை விரித்துக்கொண்டு வந்த வழியே மிதந்து போய்விட்டார். நாத்தனார் சொல்ல வந்த சேதி அவள் தொண்டையிலேயே நின்றது. சாயங்காலம் வரைக்கும் அதை மென்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் களை எடுக்கும்போது நிலத்துக்காரர் மனைவி வரப்பில் வந்து நின்றார். டிரஸ்ட் அம்மா எங்கள் தெருவுக்கு வருவதற்கு முன் அவர்கள் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். "எங்க வூட்டு மோரையே தொடல அவ. உங்க தெருவுல தண்ணி குடிச்சாளாமே? அப்படி என்னடி இருந்துச்சு அதுல?" என்று கேட்டார். குனிந்திருந்த எனக்குச் சிரிப்பை அடக்குவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. "உங்க மோர்ல சோதிக்க என்னங்க ஆத்தா இருக்கு" என்றேன். அப்போதுதான் விஷயமே விளங்கியது. அவர் யார் வீட்டிலும் எதுவும் தொடுவதில்லை. எங்களைப் போலவே மேலத்தெருவும் முகம் சுளித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. அவர்களுக்கு என்ன அர்த்தம் பிடிபட்டதோ, நான் கேட்கவில்லை.

அறக்கட்டளையிலிருந்து பதில் வந்தது. எங்களுக்குப் பால்வாடி உண்டு. மன்றத்துப் பையன்களுக்கு வாலிபாலும் வலையும் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. இளைஞர் மன்றம் என்றால் ஊருக்கு ஒரு சேவை செய்ய வேண்டுமாம். அந்தப் பையன்கள் தினமும் காலையில் மேலத்தெருக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து பால்வாடிப் பானையில் ஊற்ற வேண்டும். மேலத்தெருவில் பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பையன்களுக்குப் பந்து வேண்டியிருந்தது. கடைசியில் ஒருநாள் காலை, சைக்கிள் கேரியரில் குடத்தைக் கட்டி, ஆட்டமில்லாமல் தள்ளிக்கொண்டு, எங்கள் தெருவுக்குள் முதல் தடவையாக அவர்கள் வந்தார்கள். நான் தூக்கத்தில் இருக்கிறேனோ என்று என் கையைக் கிள்ளாமல் நாத்தனார் கையைக் கிள்ளிப் பார்த்தேன். அவள் விழித்துத்தான் இருந்தாள். பையன்கள் குடத்தை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார்கள்.

"தம்பி, பானை உள்ள இருக்கு. வாசல்ல வச்சா வாசப்படிதான் குடிக்கும்" என்றாள் நாத்தனார். உள்ளே வந்து ஊற்றினார்கள்.

அதனால் ஊர் ஒரே நாளில் திருந்திவிட்டது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். அந்தக் கிணற்றில் எங்கள் குடம் இறங்க இன்னும் வெகுகாலம் ஆயிற்று. தண்ணீர் வராத நாட்களும் உண்டு. அன்றைக்கெல்லாம் நாத்தனார் சாயங்காலம் போய் வாலிபால் வலைக்குப் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் நிற்பாள். பந்து தடுமாறும். மறுநாள் தண்ணீர் வந்துவிடும். என் மகள் பாயில் படுத்து, நல்ல தண்ணீர் குடித்த வாயோடு மத்தியானம் தூங்குவாள். கொல்லையில் நான் களை எடுக்கும்போது என் கண் கிணற்றுப் பக்கம் போவது மெல்ல மெல்ல நின்றது. ஒருநாள் பார்த்தால் அங்கே ஒரு கிணறு இருப்பதே மறந்திருந்தேன்.

டிரஸ்ட் அம்மா அடுத்த தடவை வந்தபோது அவர் நோன்புக்குக் காரணம் கேட்டேன். "மொத மொதல்ல நான் போன ஊருல, எனக்காக முட்டையிடற கோழியை அடிச்சுட்டாங்கம்மா. நான் சாப்பிட்ட பிறகுதான், அந்த வூட்டுப் புள்ளை அதைத் தேடி அழறது கேட்டுச்சு. அதுலேருந்து எங்கயும் கை நனைக்கறதில்ல" என்றார். சொல்லிவிட்டு, பானைப் பக்கம் போய், "இன்னிக்கும் சோதனை உண்டா?" என்று கேட்டார். அவர் வந்த ஒவ்வொரு தடவையும் சோதனை நடந்தது. சில வருஷங்களுக்குப் பிறகு அவருக்குப் பதில் வேறு ஒருவர் வந்தார், ஜீப்பில்.

போன மாதம் ஏதோ ஓர் அறக்கட்டளையிலிருந்து இளம்பெண்கள் இருவர் எங்கள் தெருத் தையல் கூடத்தைப் பார்க்க வந்தார்கள். ஆளுக்கொரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து, மேஜை மேல் வைத்துக்கொண்டு பேசினார்கள். நல்ல பெண்கள், சிரித்த முகம். அவர்களிடம் யாரும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை, அவர்களுக்கும் வேண்டாம் என்று சொல்லும் அவசியம் வரவில்லை. யாருக்கும் வருத்தமில்லை. எனக்குத்தான் பழைய குறும்பு நமைச்சல் எடுத்தது. வீட்டுக்கு வந்து டம்ளரை எடுத்துக் குழாய்த் தண்ணீர் பிடித்தேன். இப்போது எல்லாத் தெருவுக்கும் ஒரே குழாய், ஒரே ருசி. சுவரில் வெள்ளை வட்டம் ஆடியது. நசுங்கின பக்கம் உதட்டைக் கொஞ்சம் குத்தும். இருந்தாலும் நான் அந்தப் பக்கமாகத்தான் குடிக்கிறேன். மறுபக்கம் டிரஸ்ட் அம்மாவுடையது.