பதினேழு போல்டருக்குள் ஒரு மாடிப்படி

என் வீட்டுக்காரர் வீட்டு வரைபடம் போடுகிறவர். கம்ப்யூட்டரில் அவர் இழுக்கும் கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் போட்ட படத்தை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வீடு கட்டுகிறவர்கள் மனசு மாறும் ஒவ்வொரு தடவையும், பழைய போல்டருக்குள்ளேயே ஒரு புது போல்டர். அதற்குப் பெயர், அன்றைக்கு நடந்த சண்டை.

"பேரைப் படிச்சாலே நடந்ததெல்லாம் ஞாபகம் வந்துடும்ல?" என்று பெருமை வேறு.

அவருடைய அக்காவும் மாமாவும் வீடு கட்டப் போகிறார்கள் என்றதுமே எத்தனை போல்டர் வருமோ என்று நான் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். மாடிப்படி உள்ளே வரணும் என்று நாத்தனார். வெளியேதான் என்று அவர் கணவர். எட்டு மாதம் இதே பாட்டு. தனித்தனியாகப் போன் செய்வார்கள். இவர் இரண்டு பேரிடமும் "நீங்க சொல்றதுதான் சரி" என்பார். உள்ளே போல்டர் ஆழமாகிக்கொண்டே போனது.

போன சனிக்கிழமை மத்தியானம் எங்கள் முன்னறையில் அதிசயம் நடந்தது. படி உள்ளே, அதை ஒட்டி வெளியே போக ஒரு கதவு என்றதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். மூன்று மணி நேரத்தில் இவர் வரைந்து முடித்து, சேமிக்கும் பொத்தானை அழுத்தினார். "சேமிக்க முடியவில்லை" என்றது கம்ப்யூட்டர். காரணம் சொல்லவில்லை.

இவருக்கு முகம் வெளிறிவிட்டது. மூடினால் படம் போச்சு. படத்தைத் திரும்ப வரையலாம். அந்தத் தலையாட்டலை எங்கே போய் வாங்குவது? போதாக்குறைக்கு அந்த லேப்டாப்பின் பேட்டரி செத்து ஒரு வருஷம். சார்ஜர் ஒயரை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் உயிரோடு இருக்கும்.

"மாமா, இதை இப்படியே பிடிச்சுக்குங்க. தும்மக்கூடக் கூடாது."

மாமா மூச்சை அடக்கிப் பிடித்தார். இடம் போதவில்லையோ என்று இவர் என் தங்கை கல்யாணப் படங்கள் நானூறையும் அழித்தார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அப்புறம் கீபோர்டை ஊதினார்.

"சூடாயிருக்கும்டா, ஆறட்டும்" என்று நாத்தனார் வாரப் பத்திரிகையால் விசிறினார். நடுவில் மாமாவுக்கு மூக்கு அரித்தது. அதையும் நாத்தனாரே சொறிந்துவிட்டார். எட்டு மாதத்தில் அவர்களிடம் நான் பார்த்த முதல் பாசம் அது.

நான் கூரியர் ஆபீசில் முகவரி ஒட்டுகிறவள். எட்டிப் பார்த்தேன்.

"எதுக்குள்ள சேமிக்கிறீங்க?"

காட்டினார். போல்டருக்குள் போல்டராகப் பதினேழு. பெயர்கள் வரிசையாகத் திரையின் இந்தக் கோடியில் ஆரம்பித்து அந்தக் கோடியில் காணாமல் போயின.

"இவ்வளவு நீள முகவரிக்கு எங்க ஆபீஸ்ல லேபிளே அடிக்க முடியாதுங்க. கம்ப்யூட்டரும் பாவம், என்ன பண்ணும்? எல்லாத்தையும் விட்டு வெளியே, சின்னதா ஒரு பேர் வச்சுப் போடுங்க."

"என்ன பேர்?"

எட்டு மாதச் சண்டையை எழுதித் தள்ளிய மனுஷனுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. நானே "வீடு" என்று அடித்தேன். சேமித்துவிட்டது. மாமா தும்மினார், லேப்டாப் அணைந்தது, யாரும் கவலைப்படவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கியது.

லேப்டாப்பை மறுபடி போட்டதும் நாத்தனார் சும்மா இருந்திருக்கலாம்.

"ஏண்டா, அந்த நீளப் பேர்ல 'அக்கா'ன்னு என்னவோ பார்த்தேனே?"

இவர் மறைப்பதற்குள் நாத்தனார் போல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து சத்தமாகப் படித்தார். "அக்கா அழுத மாதிரி நடிச்சாங்க." மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்தது, "மாமா அதை நம்பிட்டார்." சிரிப்பு நின்றது. அதற்கும் உள்ளே, "மாமாவுக்கு வடக்கு எதுன்னே தெரியல." "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல."

காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். சாயங்காலம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரும் சேர்ந்தே பேசினார்கள்.

"படி அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு மாற்றம்தான். விருந்தாளிங்க தங்குற ரூமை எடுத்துடு."

"நானும் இவளும் வந்தா எங்க தங்குறது?"

"அதுக்குத்தான் எடுக்கச் சொல்றோம்."

மாடிப்படிக்கு எட்டு மாதம். இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இவர், நாங்கள் தங்க வேண்டிய அறையை அழித்து, "வீடு 2" என்று சேமித்தார். அதற்கு மேல் ஒரு எழுத்து எழுத அவருக்குத் தைரியம் இல்லை.