வேலாயுதம் ஐயா கொண்டு போன தண்ணீர்

சுனாமி வந்து கடலோர ஊர்களை வாரிக்கொண்டு போனதே, அதற்கு அடுத்து வந்த சித்திரை மாதம் அது. எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு வருடத்தை இப்படித்தான் சொல்ல வரும். எம். புதுப்பட்டிக்குத் தெற்கே, மேய்ச்சல் புறம்போக்கில் அந்தச் சித்திரையில் நடந்ததுதான் நேற்று முழுவதும் மனதில் ஓடியது. சாத்தூரிலிருந்து போன் வந்திருந்தது. ரிட்டயர்டு தாசில்தார் வேலாயுதம் ஐயா தூக்கத்திலேயே போய்விட்டாராம். படுக்கையில் இறந்தார் என்று கேட்டதும் எனக்கு அழுகைக்கு முன்னால் நிம்மதிதான் வந்தது. அவர் வேறு மாதிரிப் போயிருக்க வேண்டியவர். நானும்தான்.

ஐயாவோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய கோபம் தெரியும், வெற்றிலைச் செல்லம் தெரியும். அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்ற தலையாரி நான். நான் கண்டதை நான்தான் சொல்ல வேண்டும்.

சுடலைமுத்து எங்கள் ஊர்க்காரன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற வேலை. அப்பன் காலத்திலிருந்து அந்தப் புறம்போக்கில் கொட்டகை போட்டு ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தை ஒரு கம்பெனிக்குச் சரக்கு வைக்கிற கிட்டங்கி கட்டக் குத்தகைக்கு விடப்போவதாகப் பேச்சு வந்தது. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போனது. அளக்கப் போன சர்வேயரை விரட்ட, சுடலைமுத்து நாட்டுத் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டான். போலீஸ் வந்து சுற்றி நின்றதும், கொட்டகைக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மருந்தைக் கலந்து வைத்துவிட்டு, "எவன் காலெடுத்து வச்சாலும் மொத்தமாக் கொளுத்திருவேன்" என்று கத்தினான். உள்ளே அவனும், பெண்டாட்டி பேச்சியம்மாளும், தம்பி காளிராசும்.

கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும். மிஞ்சினால் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். வைத்திருந்தால் தானாகச் சூடேறும். சுடலைமுத்துவுக்கு இது தெரியாததல்ல. சாயங்காலத்துக்குள் போலீஸ் போய்விடும் என்று கணக்குப் போட்டான். போலீஸ் போகவில்லை. மறுநாள் விடிந்தும் மருந்து அங்கேயே கிடந்தது.

வெளியூரிலிருந்து வந்த போலீஸ் அதிகாரி, கொட்டகைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் டேங்கரை மறித்து நிறுத்திவிட்டார். "தாகம் எடுத்தா தானா வெளியே வருவான்" என்றார். எந்த ஊரிலும் செய்கிற காரியம்தான். ஐயாவும் சரியென்றுதான் தலையாட்டினார்.

மத்தியானம் சாய்ந்ததும் மேற்கே மேகம் திரண்டது. ஒரு வருடமாக மழைக்கு ஏங்கிய நாங்கள் யாரும் அதைப் பார்த்துச் சந்தோசப்படவில்லை. கூட்டத்தில் நின்ற பெண்கள் இருக்கன்குடி மாரியம்மனை முனகிக் கூப்பிட்டார்கள். கொட்டகை வாசலுக்கு வந்து பேச்சியம்மாள் கத்தினாள்.

"தலையாரி அண்ணே, தண்ணி விடச் சொல்லுங்க!"

"பாத்தீங்களா, ஒரே நாள்ல வழிக்கு வந்துட்டாங்க" என்று அதிகாரி சிரித்தார்.

ஐயா கையை வாயருகே குவித்துக் கேட்டார்: "குடிக்கத் தண்ணி இல்லியா தாயி?"

"குடிக்க ஒரு சொம்பு கெடக்கு. குடிக்கக் கேக்கல சாமி! மேகத்தப் பாருங்க!"

"வாய மூடுடி!" என்று உள்ளேயிருந்து சுடலைமுத்து.

ஐயா அண்ணாந்து பார்த்தார். பிறகு அந்த ஓலைக் கூரையைப் பார்த்தார். ஓட்டைக் கூரையில் தூறல் இறங்கி மருந்தில் ஈரம் பட்டால் கொதிக்கும். முழுக்க மூழ்கினால்தான் அடங்கும். வெடித்த கம்பெனிகளில் எத்தனையோ முறை விசாரணைக்குப் போய் நின்றவர் அவர்.

"டேங்கரை விடுங்க சார்" என்றார்.

"துப்பாக்கி வச்சிருக்கறவனுக்குத் தண்ணி குடுத்தா நாளைக்கு ஆளாளுக்குத் துப்பாக்கி தூக்குவான். சொல்லுங்க, நாங்க உள்ளே புகுந்துடுறோம்."

"பூட்ஸ் ஆணி கல்லுல உரசுனா போதும், உங்க ஆளுக ஒருத்தரும் மிஞ்ச மாட்டாக. தண்ணி குடுக்கிறது வேற சார், பட்டா குடுக்கிறது வேற. நான் பட்டா குடுக்கலை. புறம்போக்கு நாளைக்கும் புறம்போக்காத்தான் இருக்கும்."

செருப்பைக் கழற்றினார். பெல்ட், வாட்ச், சாவிக்கொத்து எல்லாவற்றையும் ஜீப்பில் போட்டார். மருந்து அறைக்குப் போகிறவர்கள் இரும்பில்லாமல், வெறுங்காலோடுதான் போவார்கள். டேங்கரில் பிளாஸ்டிக் குடத்தை நிறைத்துத் தோளில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வாரியாய்யா?"

"வரலன்னா விட்டுருவீகளா?"

"விட்டுருவேன். நானே ரெண்டு நடை நடக்கணும், அம்புட்டுதான்."

நானும் ஒரு குடத்தைத் தூக்கினேன். அந்தப் பொட்டலில் நடந்ததைப் போல நான் எங்கேயும் நடந்ததில்லை. துப்பாக்கி முனை வாசலில் தெரிந்தது.

"பயமா இருக்கா?" என்றார் ஐயா.

"மூத்திரம் வந்துரும் போல இருக்குங்கய்யா."

"எனக்கு வந்துருச்சு. குடம் சிந்திருச்சுன்னு சொல்லிக்கிடுவோம். ஓடாதே. மெதுவா வா."

"நில்லுங்க தாசில்தாரு! ஏமாத்திப் பிடிக்க வந்தீகளா?" என்று சுடலைமுத்து துப்பாக்கியை ஐயாவின் நெஞ்சுக்கு நேரே பிடித்தான்.

"பிடிக்கத்தான் வந்திருக்கேன். ஏமாத்த வரல. முதல்ல இத ஊத்து, பெறகு பிடிக்கிறேன்."

"எடத்துக்கு என்ன சொல்லுதீக?"

"இன்னைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். துப்பாக்கிக்கு முன்னால நின்னு நான் எதச் சொன்னாலும் அது செல்லாது சுடலை. மனு குடு, விசாரிக்கிறேன்."

என் புறங்கையில் ஒரு துளி விழுந்தது. "அண்ணே, தூறலு!" என்று காளிராசு அலறினான். பேச்சியம்மாள் புருசனையும் பார்க்கவில்லை, துப்பாக்கியையும் பார்க்கவில்லை. என் தோளிலிருந்து குடத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஐயா அவள் பின்னாலேயே போனார், அவர் பின்னால் நான். முதல் குடம் விழுந்ததும் சூடான தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்றது. இன்றைக்கும் வீட்டில் தோசை ஊற்றினால் நான் தெருவுக்கு வந்துவிடுகிறேன். அடுத்த குடம் விழுந்தும் தொட்டி அடங்கவில்லை. காளிராசு காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவிலேயே டேங்கருக்கு ஓடினான். ஒருத்தரும் அவனைப் பிடிக்கவில்லை, விலகி வழிவிட்டார்கள். தண்ணீர் தொட்டி விளிம்பைத் தாண்டி வழிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சுடலைமுத்து துப்பாக்கியை வெளியே சகதியில் போட்டுவிட்டுக் குத்தவைத்து அழுதான். சொன்னபடியே ஐயா அவனைப் பிடித்துக் கொடுத்தார்.

கோர்ட்டிலும் அவர் எதையும் மறைக்கவில்லை. என் நெஞ்சுக்கு நேரே துப்பாக்கி நீட்டினான் என்றே சொன்னார். பேச்சியம்மாள் கோர்ட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். கொஞ்சம் விட்டுச் சொல்லியிருக்கலாமே ஐயா என்று கேட்டேன். "இவன விட்டா அடுத்தவன் மனு எழுத மாட்டான்யா, மருந்து கலப்பான். செத்துப் போக விடக் கூடாது, செயிச்சும் போக விடக் கூடாது" என்றார். சுடலைமுத்து போட்ட மனுவை விசாரித்தார். அந்த இடம் கம்பெனிக்கும் போகவில்லை, சுடலைமுத்துவுக்கும் வரவில்லை. ஜெயிலிலிருந்து வந்தவன், ஊரில் மனுப் போட்ட மற்றவர்களோடு வரிசையில் நின்று வேறு இடத்தில் வீட்டுமனை வாங்கினான்.

ஐயாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய பயத்தைத்தான். அதை அவர் ஒளிக்கவில்லை. அது அவரை ஓடவும் விடவில்லை, பாயவும் விடவில்லை. அரசாங்கத்துக்கு அப்படி ஒரு பயம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுடலைமுத்து நெஞ்சுச் சளியில் போனான். காளிராசு ஒரு சீசனில் கம்பெனி வேன் கவிழ்ந்து போனான். ஐயா போன சேதியைச் சொல்ல நேற்றுச் சாயங்காலம் அந்த வீட்டுமனைக்குப் போனேன். ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"எம்புருசன உள்ள தூக்கி வச்ச மனுசன்" என்றாள். குழையைக் கட்டி முடித்துவிட்டு, "உசுரோட தூக்கி வச்சாரு" என்றாள்.

அந்தக் கொட்டகைக்குள் நின்றவர்களில், என்னை விட்டால், இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது அவள் ஒருத்திதான். பேச்சியம்மாள்.