நான்கு கிராம் கம்மலுக்கு நஷ்டஈடு

நான் குடியிருக்கும் தெருவின் இரும்பு வேலியில், ஒரு கம்பியின் முனையில், குழந்தையின் கையுறை ஒன்று சில நாட்களாக மாட்டியிருக்கிறது. சிவப்புக் கம்பளியுறை. ஐந்து விரல்களையும் விரித்துக்கொண்டு, பெய்கிற பனியை நில் என்று சொல்வதுபோல நிற்கிறது. கீழே விழுந்து கிடந்ததை யாரோ எடுத்து, தொலைத்தவர் கண்ணில் படட்டும் என்று மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். தெருவே அதைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறது, வருகிறது, யாரும் தொடுவதில்லை. எங்கள் நல்லம்பள்ளிச் சந்தையில் ஒற்றைச் செருப்பு கிடந்தால்கூட, ஜோடி என்றாவது அகப்படும் என்ற நம்பிக்கையில் ஒருவர் எடுத்துப் போய்விடுவார். ஜெர்மனியின் இந்த ஒழுக்கத்தைப் புகழ்ந்து நானும் ஊருக்குக் கடிதங்கள் எழுதியவன்தான். அப்படிப் புகழப்பட்ட நாட்டில் விமானம் ஏற்றிய பெட்டியிலிருந்துதான் என் தங்கை மகளின் கம்மல் திருட்டுப் போனது. இங்கேயா, பம்பாயிலா, நடுவில் விமானம் எண்ணெய் குடிக்க இறங்கிய பாலைவன ஊரிலா, யாருக்குத் தெரியும்? திருடனுக்கு எந்த நாடும் இல்லை. பறிகொடுத்தவனுக்குத்தான் இரண்டு நாடு.

கம்மலைப் பெட்டியில் வைத்தது ஏன் என்று இங்கே எல்லோரும் கேட்டார்கள். ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. மொரப்பூரில் ரயிலேறிப் பழகியவர்களுக்கு அது தெரிந்த விஷயம். சட்டைப்பை முடிச்சவிழ்ப்பவனுக்கு, மடி தூக்கத்துக்கு, பெட்டியின் அடிப்பகுதிதான் நகைக்கு. நகையை அடியில் வைத்து, மேலே துணியை அடுக்கி, பூட்டி, அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டால் ஜோலார்பேட்டை என்ன, காசி வரைக்கும் நிம்மதியாகப் போகலாம். எங்கள் ஊர்ப் பாதுகாப்பு முறையில் பூட்டு பாதி, உட்காருகிற ஆள் பாதி. அதே முறையில்தான் நான் ஜெர்மனியிலும் பெட்டி கட்டினேன். நான் நாற்காலியில் உட்கார, பெட்டி எனக்குக் கீழே எங்கோ இருட்டில் தனியாகப் பறந்து வரும் என்பது என் கணக்கில் வரவில்லை.

வெளிநாட்டுப் பெட்டி திறப்பது எங்கள் பக்கம் ஒரு சின்னத் திருவிழா. அப்போது எழுபதுகளின் தொடக்கம். நைலான் புடவைக்கும் வாசனைச் சோப்புக்கும் தெருவே வந்து நின்றது. என் தங்கை காவேரி, குழந்தை செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில். மறுநாள் குலதெய்வக் கோயிலில் செல்விக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, தாய்மாமன் கொண்டுவந்த கம்மலைப் போட வேண்டும். அதற்காகத்தான் நான் வந்ததே. பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தேன். சோப்பு இருந்தது, புடவை இருந்தது, சாக்லேட் கொஞ்சம் உருகி இருந்தது. அடியில் கை விட்டுத் துழாவினேன். கம்மல் டப்பாவையும் அதற்குள் மடித்து வைத்திருந்த கடை ரசீதையும் காணோம். பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கக் கீலின் ஆணியில் புதிய கீறல். ஜெர்மனியில் கடைசல் பட்டறையில் வேலை செய்யும் எனக்கு அந்தக் கீறல் ஒரு வாக்குமூலம்: ஆணியை உருவித் திறந்து, மறுபடி செருகியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் கீறல்.

"பூட்டு பூட்டினபடிக்கே இருக்குதுங்களே தம்பி," என்றார் காவேரியின் மாமியார் மாதம்மாள். மரியாதை கொஞ்சமும் குறையாத குரல். "ஆகாயத்துல பறந்து வந்த கம்மலு, அப்படியே பறந்து போச்சாட்டம் இருக்குது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். காவேரி என்னைத் தனியே மாட்டுக்கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனாள்.

"அண்ணா, எங்கிட்ட மட்டும் நெசம் சொல்லு. வாங்குனியா, இல்லியா?"

"வாங்கினேன் காவேரி."

ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். "சரி. அப்ப வாங்குனதுதான்."

தருமபுரிக்குப் போய்க் கடன் சொல்லி வேறு கம்மல் வாங்கி வருகிறேன் என்றேன். அவளுக்கு வந்த கோபம்! "கடன்ல வாங்கிப் போட்டா, நீ வெறுங்கையோட வந்தன்னு ஆயிராதா? என் மாமியா வூட்டுல சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. அந்த ஏரோப்ளேன் கம்பெனிக்காரன் தொலச்சான், அவனே காசு கட்டட்டும். காசு கட்டுனா இவங்க வாய் தானா மூடும். அது வரைக்கும் எம் புள்ள காதுல ஒருத்தர் பொன்னும் ஏறாது."

மறுநாள் செல்வி என் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதாள். ஆசாரி குத்தினார். மாதம்மாள் தன் பேத்திக்குத் தானே கம்மல் போடுவதாகச் சொல்லிப் பார்த்தார். காவேரி அசையவில்லை. துளை தூர்ந்து போகாமலிருக்க இரண்டு வேப்பங்குச்சிகளைச் சீவிச் செருகினாள். ஜெர்மனி மாமன் போட்ட கம்மல் வேப்பமரத்தில் காய்த்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் தருமபுரி தபாலாபீசில் விமானக் கம்பெனிக்கு ஒரு பதிவுத் தபால் போட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

ஜெர்மனியில் கம்பெனியின் அலுவலகத்தில் புகார் பார்க்கிறவர் ஃப்ராவ் கெல்லர் என்ற அம்மாள். காப்பி கொடுத்தார். என் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு முதல் கேள்வி கேட்டார்: "பூட்டு உடையாமல் இருந்ததா?" இருந்தது என்றேன். "உடையாத பூட்டுக்குள்ளிருந்து எப்படிக் காணாமல் போகும்?" கடல் தாண்டி, மலை தாண்டி, தலையில் முக்காடில்லாமல் மாதம்மாளே எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கீலைப் பற்றி விளக்கினேன். ரசீது கேட்டார். அதையும் திருடன் எடுத்துப் போய்விட்டான் என்றேன். "ஒழுங்கான திருடன்," என்றார். அதைச் சிரிக்காமல் சொன்னார். நகைக்கடைக்காரரிடம் நகல் வாங்கிக்கொண்டு மறுநாள் போனேன். யாருக்கு வாங்கியது என்றார். தங்கை மகளுக்கு, இரண்டு வயது என்றேன்.

"இரண்டு வயதுக் குழந்தையின் காதில் ஓட்டை போடுவீர்களா?" திருட்டைவிட அதுதான் அவரை அதிர வைத்தது. என் கேவலமான ஜெர்மனில், மாமன் மடி, குலதெய்வம் என்று ஏதேதோ சொன்னேன். அவர் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. அந்த இரக்கம் எனக்கல்ல, குழந்தைக்கு. கடைசியாக, காணாமல் போன பொருளின் எடையைக் கேட்டார்.

"நான்கு கிராம்."

பேனாவை வைத்துவிட்டார். நஷ்டஈடு எடைக்குத்தான், விலைக்கு அல்ல, இது எல்லா நாடுகளும் சேர்ந்து போட்ட விதி என்றார். புளி மூட்டையைத் தொலைத்திருந்தால் நான் செல்வந்தனாகியிருப்பேன். வாசல்வரை வந்து வழியனுப்பியபோது அன்பாகவே ஒரு புத்தியும் சொன்னார்: "மதிப்புள்ளதைப் பெட்டியில் வைக்காதீர்கள். உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்."

பல மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்று முதல் வரி. கூடவே சில ஃபென்னிக் காசுக்கு ஒரு காசோலை. கடித உறையில் ஒட்டியிருந்த தபால்தலையின் விலை அதைவிட அதிகம். எனக்குத் தொகை முக்கியமில்லை. இழப்பு என்று அவர்களே எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக, சந்தோஷமாகத் தமிழில் மொழிபெயர்த்து, மூலத்தையும் சேர்த்துக் காவேரிக்கு அனுப்பினேன். தொகையையும் மறைக்காமல் மொழிபெயர்த்தேன். அது என் முட்டாள்தனம். பதில் வந்தது. காவேரி எழுதியிருந்தாள்: "என் மாமியா கடுதாசி பாத்தாங்க. திருட்டுப் போனது நெசம்னு ஒத்துக்கிட்டாங்க. இப்ப வேற சொல்றாங்க. கம்பெனிக்காரனே வெல போட்டுட்டான், ஒரு டீத்தண்ணிக் காசுக்குத்தான் மாமன் கம்மலு வாங்கியிருக்காருன்னு. செல்விய குச்சிக்காதுன்னு கூப்புடறாங்க அண்ணா."

மறுபடி பணம் சேரவும் விடுப்புச் சேரவும் இரண்டு வருஷம் ஆனது. அதே கடை, அதே நான்கு கிராம். இந்த முறை ஃப்ராவ் கெல்லர் சொன்னபடி கேட்பதென்று முடிவு செய்தேன். கண்ணாடி முன்னால் நின்றேன். என் தாய்மாமன் மடியில் நானும் அழுதவன்தானே. இந்த நாட்டுக்கு வந்தபிறகு அந்தத் துளைகளை யாரும் கவனித்ததில்லை, நான் உட்பட. இடது காதில் கம்மல் வலித்துக்கொண்டே ஏறியது. வலது காதில் ஏறவில்லை. அது எப்போதோ, எனக்குச் சொல்லாமலே, தூர்ந்து போயிருந்தது.

ஒன்றைக் காதிலும் ஒன்றைக் கைக்குள்ளும் வைத்துக்கொண்டு பறந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என் காதைப் பார்த்துவிட்டுச் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார். பம்பாயில் சுங்க அதிகாரி சிரித்து, போ என்று கை காட்டினார். மொரப்பூரில் இறங்கி நல்லம்பள்ளி பஸ் பிடித்தபோது கண்டக்டர் மட்டும் நேராகக் கேட்டார்: "என்னா சார், வேண்டுதலுங்களா?"

ஆமாம் என்றேன். அது பொய்யில்லை.

வாசலில் பெட்டியை வைத்தேன். தெரு மறுபடி கூடியது. "தொறங்க தம்பி, பாக்கலாம்," என்றார் மாதம்மாள். நான் பெட்டியைத் திறக்கவில்லை. அதன்மேல் உட்கார்ந்தேன். நாலு வயதுச் செல்வி கிட்டே வந்து நின்றாள். காதில் குச்சிகள், புதிதாகச் சீவியவை. என் காதைக் கண்டு கையை நீட்டினாள். நான் தலையைச் சாய்த்துக் கொடுத்தேன். அவளுக்குக் கழற்றத் தெரியவில்லை. இழுத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாதம்மாள்தான் குனிந்து திருகைக் கழற்றினார். உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்து எடை பார்த்தார். என் கையிலிருந்த இன்னொன்றையும் வாங்கி அதனோடு வைத்தார்.

"அத்தன தூரமும் காதுலயே போட்டுக்கிட்டு வந்தீங்களா?"

"ஆமாங்க அத்தை. ஒரு காதில் ஏறவில்லை."

மாதம்மாள் கம்மலை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, செல்வியைத் தூக்கி என் மடியில் வைத்தார். நான் போட்டேன். காவேரி கதவோரம் நின்று மாமியாரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செல்வியின் காதிலிருந்து எடுத்த வேப்பங்குச்சியை மாதம்மாள் தூக்கிப் போடவில்லை. முந்தானையில் துடைத்து, என் இடது காதில் செருகினார்.

"இருக்கட்டும். இல்லாட்டி உங்க சீமைக் குளுருக்கு இதுவும் தூந்துக்கும்."

நான் ஜெர்மனிக்குத் திரும்பியதும், பட்டறையில் எங்கள் மைஸ்டர், அதாவது மேஸ்திரி, காதைப் பார்த்துவிட்டு இயந்திரத்தருகே நகை கூடாது என்றார். இது நகையில்லை, மரம் என்றேன். யோசித்தார். மரத்துக்கு விதியில் தடை இல்லை. விட்டுவிட்டார். இப்போது வேலைக்குப் போகிற காலையில், வேலியில் மாட்டியிருக்கும் அந்த ஒற்றைக் கையுறையைத் தாண்டும்போது, கம்பளிக் குல்லாயை இறக்கிவிடுகிறேன். வலது காதுக்கு மட்டும். இடது காது வேப்பங்குச்சியோடு வெளியே இருக்கிறது. குளிரில் அது சிவந்து வலிக்கிறது.