விமலா அன்ரியின் கணக்கில் வராத கலியாணம்

பிழையாக நடக்கிற கலியாணத்தை விமலா அன்ரியால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மெல்பேணில் தமிழர் கலியாணங்களுக்கு கழற்றிப் பூட்டுகிற மணவறையை வாடகைக்குக் கொடுப்பவர் அவர். அதை வான் வண்டியில் ஏற்றி இறக்குவதும், ஸ்பீக்கரில் மேளம் போடுவதும் என் வேலை. நான் சவரிமுத்து, மன்னார்க் கத்தோலிக்கன். ஆனாலும் அன்ரி கையைத் தூக்கினால் போதும், என் விரல் தானாகக் கெட்டிமேளப் பொத்தானை அமத்திவிடும். பழக்கதோஷம். மாப்பிள்ளையின் சால்வை சற்றுச் சரிந்தாலும் அன்ரி மேடையேறிச் சரிசெய்வார். ஐயர் அதுவரை மந்திரத்தை நிறுத்திவைத்துக் காத்திருப்பார்.

போன வருடம் அவர் மகள் சிவாஜினிக்குக் கபிலன் என்ற பெடியனைப் பேசி முடித்தார்கள். த பேசின் என்ற இடத்திலுள்ள பிள்ளையார் கோயிலில் நாளும் வைத்தாயிற்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் ஒரு பாட்டு வீடியோக்காரர் மணவறை கேட்டு வந்தார்கள். ஆசியாவைப் பற்றிய பாட்டாம். பாடுவது ஒரு வெள்ளைக்காரப் பெட்டை.

"எங்கட கலாசாரத்தை உலகம் பாக்கட்டும், சவரி" என்றார் அன்ரி. உலகம் என்ன பாவம் செய்ததோ!

பொயிண்ட் குக்கில் ஒரு ஷெட்டுக்குள் மணவறையை இறக்கினோம். ஆசியா முழுவதையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி வைத்திருந்தார்கள். பாடகிக்கு ஜப்பான் கிமோனோ, நெற்றியில் பொட்டு, கொண்டையில் சாப்பிடுகிற குச்சி. பின்னால் சீன டிராகன். பக்கத்தில் பாம்புக்கூடை, உள்ளே பிளாஸ்டிக் பாம்பு. ஒருத்தன் நின்ற நிலையில் பெரிய வெண்கலத் தட்டில் 'டொய்ங், டொய்ங்' என்று அடித்துக்கொண்டிருந்தான். ஏனடாப்பா அடிக்கிறாய் என்று கேட்டேன். அடித்தால்தான் ஆசியா என்று தெரியுமாம். இது போதாதென்று ஒரு மகாராஜா வேறு. தலைப்பாகை, நெஞ்சு வரை ஒட்டுத்தாடி, கறுப்புக் கண்ணாடி. எங்களைக் கண்டதும் குனிந்தவன் பிறகு நிமிரவேயில்லை.

அன்ரி ஒரு மூலையில் கதிரை போட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பாடகி போய் மகாராஜாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். பொறுக்குமா?

"தாலி கட்ட முதல் பொம்பிளை வலப்பக்கம், பிள்ளை!" என்று மேடையேறிவிட்டார்.

டிரெக்டருக்கு ஒரே சந்தோசம். அன்ரி மணவறையைக் கிழக்கே திருப்பினார். நிறைகுடம் வைத்தார், விளக்கேற்றினார், கிமோனோவுக்கு மேலேயே கூறைச்சேலையைச் சுற்றினார். மகாராஜாவின் கையில் ஏதோ பாசிமணிச் சங்கிலி இருந்தது. "எழும்பி நிண்டு கட்டு, தம்பி!" என்று கையைத் தூக்கினார். என் விரல் அமத்தியது. கெட்டிமேளம் கொட்ட, மகாராஜா குனிந்த தலையோடு மூன்று முடிச்சும் போட்டான். அன்ரி அறுகரிசி போட்டு வாழ்த்தினார். டிராகனுக்குள் இருந்தவர்களும் வெளியே வந்து போட்டார்கள்.

வேர்வையில் தாடி கழன்று பாடகியின் மடியில் விழுந்தது.

"மாமி..." என்றான் கபிலன்.

வங்கியில் கம்பியூட்டர் வேலை பார்க்கிற பிள்ளை. லீவு நாளில் பகிடிக்கு இப்படி நடிக்கப் போவானாம்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்தானே!"

"நீங்கள் கட்டு எண்டு சொன்னனீங்கள், மாமி. பயத்தில கட்டிப்போட்டன்."

அன்ரி வானுக்குள் இருந்து அழுதார். உண்மையாகவே அழுதார். "என்ர பிள்ளையின்ர மாப்பிள்ளையை நானே வேறொருத்திக்குக் கட்டி வச்சிட்டன். வீடியோ வந்தால் கனடாவில இருக்கிற எங்கட சனம் முழுக்கப் பாக்குமே, சவரி! பிறகு எங்க கலியாணம்?" அந்தக் காட்சியை நீக்கிவிடச் சொல்லி டிரெக்டரைக் கெஞ்சினார். அதுதான் திறமான காட்சி என்று அவன் மறுத்துவிட்டான். அன்ரி பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தார். சிவாஜினிக்கு மூச்சுக்கூட விடக்கூடாது என்று என்னிடமும் கபிலனிடமும் சத்தியம் வாங்கினார்.

கலியாணத்துக்கு முதல் கிழமை வீடியோ வெளியானது. வானுக்குள் இருந்து என் போனில் பார்த்தோம். பாம்பு வந்தது, டிராகன் வந்தது, தட்டுக்காரன் விட்டுவிட்டு அடித்தான். கலியாணம் மட்டும் இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்ரி நன்றி சொல்ல டிரெக்டருக்குப் போன் எடுத்தார். அந்தக் காட்சியில் ஆசியத்தனம் போதவில்லையாம், யாரோ வீட்டுக் கலியாணம் மாதிரி இருந்ததாம், அதனால் வெட்டிவிட்டார்களாம்.

"போதேல்லையோ? நான் செய்த கலியாணத்தில என்னடா குறை?" என்று வெட்டுப்பட்ட போனைப் பார்த்துக் கத்தினார். நேர்த்திக்கடன் தேங்காயை அவர் அடித்த அடியில் சிதறிய சில்லு என் காதை உரசிக்கொண்டு போனது.

கலியாண நாள் வந்தது. அன்ரி கை தூக்கினார், நான் அமத்தினேன், கபிலன் கட்டினான். ஐயர் குனிந்து முடிச்சைப் பார்த்தார்.

"முதல் தரமே இவ்வளவு வடிவாப் போட்டிட்டீர், தம்பி!"

அன்ரிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கபிலன் பிள்ளையாரைப் பார்த்தான். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன்.

சிவாஜினி தலையை நிமிர்த்திச் சிரித்தாள். "ஒத்திகை பாத்தவர், ஐயா. அம்மாதான் நடத்தி வச்சவ."

சத்தியம் என்ன சத்தியம், வீடியோ எடுத்த அன்றைக்கே கபிலன் அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்திருக்கிறான். அன்ரி மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பிறகு சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மேடையேறினார்.

"தலையை நிமித்தாத, பிள்ளை. தாலி கட்டியாச்சு, எழும்பி இடப்பக்கம் மாறி இரு."