உதட்டுச் சாயத்துக்காகக் குற்றவாளிக் கூண்டில்

எனக்கு ஐம்பத்திரண்டு வயது, ஈப்போவின் புந்தோங் பகுதியில் வசிக்கிறேன். மகள் கல்யாணத்துக்குச் சிவப்பு உதட்டுச் சாயம் பூச ஆசைப்பட்டேன். பேரங்காடியில் பணம் வாங்கும் பெண் எங்கள் தேவாலயத்துக்கு வருபவள். இந்த வயதில் இதுவா என்று நினைப்பாளே எனக் கூச்சப்பட்டு, அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறினேன். வாசலிலேயே பிடித்துவிட்டார்கள்.

மறுநாள் ஈப்போ நீதிமன்றத்தில் கைவிலங்குடன் நின்றேன். வெளியூருக்கு லோரி ஓட்டப் போயிருந்த கணவர் நேராக அங்கே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் சத்தமாக வாசித்தார்.

"ஒத்துக்கிறீங்களா அக்கா?"

தலையாட்டினேன்.

"வாயால சொல்லணும்லா."

"ஆமா, திருடினேன்" என்றேன். கணவர் முன்னிலையில் அந்தச் சொல்லைச் சொன்னதுதான் பெரிய தண்டனை.

முதல் குற்றம் என்பதால் நன்னடத்தை ஜாமீனில் விட்டார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். வெளியே வந்ததும், "கேட்டிருந்தா நானே வாங்கியாந்திருப்பேன்லா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முன்பு யாராவது கடையில் பிடிபட்டதாகப் பேச்சு வந்தால், "யார் வீட்டுப் பிள்ளை?" என்று முதல் ஆளாகக் கேட்பேன். இப்போது கேட்பதில்லை.