இடது முழங்கால், மூன்றரை சென்டிமீட்டர்

அழகர்கோவில் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரில், தமிழ்ச்செல்வி என்பவர் மூன்றாண்டுகளாக அரசு நிதியில் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்திருந்தார். இதற்குச் சம்பளம் உண்டென்பதை அவருடைய மாமியார் இன்னும் நம்பவில்லை. 'மழலையர் மனக்காயம் ஆற்றும் திட்டம்' என்று பெயர். பார்க்கக் கூடாததை ஐந்து வயதுக்குள் பார்த்துவிட்ட பிள்ளைகளுக்கு ஓர் அறை, ஒரு மேசை, ஒரு மணல்தொட்டி, பேசச் சொல்லி நச்சரிக்காமல் பக்கத்தில் இருக்க ஓர் ஆள். வாயே திறப்பதில்லை என்று புடவைக்கடை வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட தமிழ்ச்செல்விக்கு, நாற்பது வயதில் அந்தக் குறையே தகுதியாகிவிட்டது.

அங்கு வந்தவர்களில் அழகுமீனாவுக்கு நான்கு வயது. பைக் சத்தம் கேட்டால் மேசைக்கடியில் புகுந்துகொள்வாள். அவளுடைய அப்பன் பைக்கில் வந்து இறங்கித்தான் அம்மாவை அடிப்பான். அப்பன் ஊரைவிட்டே போய்விட்டான், பைக்குகள் போகவில்லை. எட்டு மாதத்தில் பிள்ளை மேசைக்கடியிலிருந்து மேசை விளிம்புவரை வந்திருந்தாள். தமிழ்ச்செல்வியின் வாழ்நாள் சாதனை அந்த இரண்டடிதான்.

அந்த நேரத்தில் நிதியை நீட்டிப்பதற்கான படிவம் வந்தது. 'காயத்தின் இடம், நீளம், அகலம்' என்று கேட்டிருந்தார்கள். 'மனக்காயம்' என்பதிலிருந்த மனம் அச்சகத்துக்குப் போகும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. தமிழ்ச்செல்வி 'உள்ளுக்குள்' என்று எழுதி அனுப்பினார். படிவம் திரும்பி வந்தது. தல்லாகுளத்தில் இருந்த அலுவலகத்துக்கே போனார். எழுத்தர் ஜெயபாண்டி யாருக்கும் தீங்கு நினைக்காதவர்.

"அண்ணே, இது மனசுல பட்ட காயம். அளக்க முடியாதுண்ணே."

"எனக்குத் தெரியும்மா. கம்ப்யூட்டருக்குத் தெரியணும்ல? நம்பர் போடலேன்னா மையத்த மூடிருவாக."

"இல்லாத நம்பருக்கு எங்கண்ணே போக?"

"பிள்ளைன்னா விழுந்து கிழுந்து வச்சிருக்காதா? பாத்துப் போடுங்க."

முந்தின நாள்தான் அழகுமீனா தொட்டி விளிம்பில் தடுக்கி விழுந்திருந்தாள். தமிழ்ச்செல்வி ஸ்கேல் வைத்து அளந்தார். இடது முழங்கால், நீளம் மூன்றரை சென்டிமீட்டர், அகலம் ஒன்று. அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. மற்றப் பிள்ளைகள் யாரும் விழாததால் மையத்தின் கணக்கில் அந்த ஒரு காயம்தான். நிதி வந்தது.

மூன்றாம் மாதம் ஜெயபாண்டியே ஆய்வுக்கு வந்தார், பைக்கில். அழகுமீனா மேசைக்கடியில் புகுந்துவிட்டாள். அவர் குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் முழங்காலைப் பரிசோதித்தார்.

"ஆறிப்போச்சேம்மா. தழும்புகூட இல்ல."

"அவ எங்க உக்காந்திருக்கான்னு பாருங்கண்ணே."

"பாத்தேன். ஒளிஞ்சு விளையாடுது."

"விளையாட்டு இல்லண்ணே அது."

"முழங்காலுன்னு எழுதுனது நீங்கதான? நான் என்ன செய்ய?"

'காயம் முழுமையாக ஆறியது' என்று பதிவானது. திட்டம் இவ்வளவு தெளிவாக வென்ற மையம் வேறில்லை. வென்ற இடத்தில் இனி என்ன வேலை? பாராட்டுக் கடிதமும் மூடல் உத்தரவும் ஒரே உறையில் வந்தன.

மேசை அரசுச் சொத்து. கடைசி நாளன்று அதை ஏற்றிப்போக ஒரு வேன் வந்து வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. சுமை தூக்க வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, பிள்ளைய வெளிய வரச் சொல்லுங்க. மேசையத் தூக்கணும்."

"வண்டிய நிப்பாட்டுங்க. தானா வந்துருவா."

"நிப்பாட்டுனா திரும்ப ஸ்டார்ட் ஆகாதுக்கா."

தமிழ்ச்செல்வி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் மேசைக்கடியில் நுழைந்து, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.