பாட்டு மட்டும் போதும்

இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னது இல்லை. சாந்தன்பாறைக்கு மேலே அந்த ஏலத்தோட்டத்து லயத்தில் எழுபத்தேழாம் வருஷம் குடியிருந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். டம்ளரில் வெந்நீர் ஊற்றும்போது ஞானஜோதிக்கு இன்றைக்கும் ஒரு கணம் கை நின்றுபோகும். பக்கத்தில் இருப்பவர்கள் ஏன் என்று கேட்பதில்லை.

அவள் மாமியார் செபமாலையம்மாள் தபசு காலத்து ஒப்பாரிக்குப் பேர்போனவள். மாதா, செத்த மகனை மடியில் போட்டு அழுகிற பாட்டை அவள் எடுத்தால் கங்காணிகூடத் தொப்பியைக் கழற்றிவிடுவார். அந்த வருஷம் நெஞ்சுச்சளி அவளைப் படுக்கையில் போட்டுவிட்டது. உபதேசியார் சுவக்கீன் தன்னுடைய ஸ்பூல் டேப்ரிக்கார்டரை வீட்டுக்கே தூக்கி வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, அவள் பாட்டைப் பிடித்துக்கொண்டு போனார். ஈஸ்டர் கழிந்த வாரம் அவள் போய்ச் சேர்ந்தாள்.

இளைய மகன் ஏசுரத்தினம் பம்பாயில் மில் வேலையில் இருந்தான். அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. அக்டோபரில் ஊருக்கு வந்த ஆள் ஒருவரிடம் வெற்றுக் கேசட் ஒன்று கொடுத்துவிட்டிருந்தான். ஸ்பூல் போட அங்கே மிஷின் இல்லை, அம்மா பாட்டை இதில் ஏற்றி அனுப்பச் சொன்னான்.

சுவக்கீனுக்கு அந்தக் கேசட்டைப் பார்த்ததும் இளக்காரம்.

"தீப்பெட்டி மாதிரி இருக்கு. இதுக்குள்ள உங்க அத்தை அடங்குவாளா?"

"தம்பி ஆசையா கேக்குது, உபதேசியாரே."

"அனுப்பிவைக்க இது சரி. பத்திரப்படுத்தணும்னா ஸ்பூல்தான். மெதுவா ஓட்டினா டேப்பு மிச்சம், ஆனா குரல் மந்தமாயிரும். உங்க அத்தைக்கு நான் வேகமாத்தான் ஓட்டினேன். குரல் உசிரோட கெடக்கு."

தோட்டத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் கேசட் மிஷினை இரவல் வாங்கினார்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏற்றுவதற்கு அவர்களிடம் வயர் கிடையாது. இரண்டு மிஷினையும் மேசையில் எதிர் எதிரே உட்கார வைத்து, கதவைச் சாத்தி, மூச்சு விடாமல் இருக்க வேண்டும். முதல் தடவை ஒரு கோழி கொக்கரித்துக் கெடுத்தது.

"கோழியும் பம்பாய்க்குப் போவணுமா? வெரட்டு" என்றார் சுவக்கீன்.

இரண்டு பாட்டு சுத்தமாக ஏறின. மூன்றாவதுக்கு முன்னால் ஸ்பூலில் ஓர் இருமல். பிறகு மாமியாரின் பேச்சுக்குரல்.

"ஜோதி, கொஞ்சம் வெந்நி குடுத்தா."

உடனே இன்னொரு குரல். சமையல்கட்டிலிருந்து. "பாடத் தெரியுதுல்ல? எந்திரிச்சு எடுத்துக் குடிக்கத் தெரியாதா?"

ஞானஜோதிக்கு அது தன் குரல் என்று புரிய ஒரு கணம் பிடித்தது. அவ்வளவு கசப்பாக இருந்தது.

சுவக்கீன் இரண்டையும் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"இதையும் ஏத்தவா?"

"வேணாம். பாட்டு மட்டும் போதும்."

அவர் அந்த இடம் தாண்டும்வரை கேசட்டை நிறுத்திவைத்து, மீதிப் பாட்டை ஏற்றினார். முடிந்ததும் கேசட்டின் முதுகில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டையும் கத்திமுனையால் நெம்பி உடைத்தார். "இனிமே இதுல யாரும் ஒரு சொல்லு ஏத்த முடியாது" என்றார். மறுநாளே ஞானஜோதி பார்சலைத் தபாலில் சேர்த்தாள்.

ஆனால் ஸ்பூல் இருந்தது. கிறிஸ்துமசுக்கு ஏசுரத்தினம் வருகிறான். வந்தால் ஸ்பூலையும் போட்டுக் கேட்பான். பம்பாய்க்குப் போகும்போது, "மதினி இருக்கையில அம்மாவுக்கு என்ன கொறை" என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன். அந்த ஒரு சொல்லை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

டிசம்பர் முதல் வாரம். "அத்தை பாட்டை ஒரு தடவை கேட்டுக்கிடறேன்" என்று சொல்லி உபதேசியாரிடம் ஸ்பூல் மிஷினை வாங்கி வந்தாள். புருஷன் சூசையப்பன் காய் உலர்த்துகிற ஸ்டோரில் இருந்தான். லயம் முழுக்கத் தோட்டத்துக்குப் போயிருந்தது. மத்தியானம் மூன்று மணிதான். ஆனால் பனி இறங்கி வாசல் மறைந்திருந்தது.

அந்த இடத்தைத் தேடிப் பிடித்தாள். மைக்கைக் கழற்றிவிட்டு, பதிகிற பொத்தானை அழுத்தினாள். டேப் வெறுமனே ஓடியது. உள்ளே இருந்தது அழிந்திருக்கும்.

திருப்பிப் போட்டாள்.

இரைச்சல்... இருமல்...

"ஜோதி, கொஞ்சம் வெந்நி குடுத்தா."

அவளுடைய பதில் மட்டும் இல்லை. அது அழிந்திருந்தது.

பொத்தானைச் சரியாக அழுத்தவில்லை போலும். மறுபடி அழித்தாள். மறுபடி போட்டாள்.

"ஜோதி..."

இந்தத் தடவை குரல் இழுத்தது. பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் சக்கரங்கள் அதே வேகத்தில்தான் சுற்றின.

மூன்றாம் தடவை அழித்தாள். மிஷினின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுப் போட்டாள்.

"...கொஞ்சம் வெந்நி..."

குறையவில்லை. கிட்டத்தில் கேட்டது.

மிஷினைக் கவிழ்த்து மூடியைத் திறந்தாள். பேட்டரிகளை ஒவ்வொன்றாக உருவித் தரையில் போட்டாள். உருண்டு போய்க் கட்டில் காலில் முட்டி நின்றன.

டக்...

டக்...

டக்...

மிஷினை நிமிர்த்தினாள்.

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

இருமல் வந்தது.

மிஷினிலிருந்து வரவில்லை. கட்டிலிலிருந்து.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுப்பில் வெந்நீர் இருந்தது. டம்ளரில் ஊற்றினாள். பாத்திரமும் டம்ளரும் மோதிக் கிணுகிணுத்தன. கண்ணை மூடிக்கொண்டு கட்டில் பக்கமாக நீட்டினாள்.

"இந்தாங்க அத்தை. குடிங்க."

சத்தம் இல்லை.

பிறகு... மடக். மடக்.

கை லேசானது.

டம்ளர் நழுவித் தரையில் விழுந்தது.

கண்ணைத் திறந்தாள். கட்டில் காலி. சக்கரம் நின்றிருந்தது. டம்ளர் கவிழ்ந்து கிடந்தது.

தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

சாயந்திரம் சூசையப்பன் வந்தபோது அவள் வாசலில் பனியில் நின்றிருந்தாள். "குளிருல என்ன செய்யுத?" என்றான். "சும்மாதான்" என்றாள். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ஸ்பூலை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் ஏசுரத்தினம் வந்தான். புது கேசட் மிஷினும் கொண்டுவந்திருந்தான். பையை இறக்கியதும் முதலில் ஞானஜோதியைத்தான் தேடினான். கண் கலங்கியிருந்தது.

"உங்க காலைத் தொட்டுக் கும்பிடணும் மதினி. அம்மாவைக் கடைசிவரைக்கும் எப்படிப் பாத்துக்கிட்டீங்கன்னு கேசட்டுல கேட்டேன்."

"என்ன கேட்டீங்க தம்பி?"

"அம்மா வெந்நி கேக்குறாங்க. நீங்க உடனே ஊத்திக் குடுக்குறீங்க. இந்தாங்க அத்தை, குடிங்கன்னு. டம்ளரு விழுற சத்தம்கூட இருக்கு. கெழவி கை நடுங்கியிருக்கும், பாவம்."

சூசையப்பன் பெருமையாகச் சிரித்தான். ஞானஜோதி அவன் பையைப் பார்த்தாள்.

"எப்ப... எப்ப கேட்டீங்க?"

"பார்சல் வந்த அன்னிக்கே. நவம்பர்ல. ஆத்துமாக்கள் மாசம்ல, அம்மாவுக்குப் பூசை வச்சுட்டு வந்து கேட்டேன்."

நவம்பர். அவள் டம்ளரை நீட்டியது டிசம்பரில்.

கேசட்டை வாங்கிப் பார்த்தாள். அதேதான். முதுகில் சுவக்கீன் கத்தியால் நெம்பிய இரண்டு ஓட்டையும் அப்படியே திறந்திருந்தன.

"நீங்களும் கேளுங்க" என்று அவன் மிஷினில் போட்டு ஓட்டினான். பாட்டு. இருமல். வெந்நீர் கேட்கிற குரல். பாத்திரம் கிணுகிணுக்கிற சத்தம். அவள் குரல். மடக், மடக். டம்ளர் விழுந்தது.

"அதுக்கப்புறம் அம்மா ஒண்ணு சொல்லுவாங்க பாருங்க. யாரையும் சிரமப்படுத்த மாட்டாங்கல்ல, அதான் அப்படிக் கேக்குறாங்க. எனக்கு அந்த எடத்துலதான் அழுகை வந்திருச்சு."

கொஞ்சம் இரைச்சல் ஓடியது. பிறகு செபமாலையம்மாளின் குரல், கோபமே இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல் கேட்டது.

"இப்ப எதுக்கு, ஜோதி?"